பச்சை விளக்கு எரிகிறதா?

எங்கள் வட்டாரத்துக்கு இணைய இணைப்பு தருவது ஒரே நிறுவனம்தான். வீட்டுக்கு வரும் கம்பியும் அவர்களுடையது, கைப்பேசிக் கோபுரமும் அவர்களுடையது. பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்தில் வீடு பார்த்துக்கொண்டு போகலாம், அதற்கு அவர்கள் தடை சொல்வதில்லை. குறை சொல்லவும் தாராளமாக அனுமதி உண்டு. அதற்கென்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணைக் கூப்பிட்டால் முதலில் கொஞ்ச நேரம் இசை. பிறகு பதிவு செய்துவைத்த ஒரு பெண் குரல், "பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா?" என்று கேட்கும். எரிகிறது என்றால் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தினால், உங்கள் இணைப்பு நலமாக இருக்கிறது, மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிடுவாள். எரியவில்லை என்றால் இரண்டை அழுத்த வேண்டும். அழுத்தினால், பெட்டியை அணைத்து மறுபடி போடச் சொல்வாள். அணைத்துப் போட்டால் விளக்கு எரியத்தானே செய்யும்? உடனே மகிழ்ச்சி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மகிழ்ச்சியில்தான் கொண்டுபோய் விடுவாள். இந்தப் பச்சை விளக்கைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அவன் அதற்கும் ஒன்றை அழுத்தச் சொல்வான்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். லென்ஸின் விளிம்பைத் தேய்த்து பிரேமில் உட்கார வைப்பது என் வேலை. அக்கா பேக்கரியில் கேக்கின்மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள். யாரை அறிமுகப்படுத்தினாலும், இந்தப் பெயர் சின்ன கேக்கில் அடங்குமா என்றுதான் முதலில் யோசிப்பாள். அத்தான் போன பிறகு நான் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் என் மூஞ்சி என்று அவள் சொல்வாள். அவள் வாய் என்று நான் சொல்வேன்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் பக்கத்து நிலையத்தில் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றைத் தரலாம் என்றால் பொருந்தவில்லை. "மூஞ்சிதான் பொருந்தலன்னு நெனச்சேன், உள்ளயும் பொருந்தல" என்று அதற்கும் கேலி செய்தாள். கடைசியில் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் பெயர் கொடுத்தோம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் இருப்பவர்கள் தினமும் காலையில் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டும். "இன்று தயாராக இருக்கிறீர்களா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். உறுப்பு எந்த நேரமும் வரலாம், வந்தால் சில மணி நேரம்தான் தாங்கும், ஆள் கிளம்பத் தயாராக வீட்டில் இருக்கிறாரா என்று தெரிய வேண்டும் அல்லவா? முன்பொரு தடவை யாரோ சுற்றுலாப் போன இடத்திலிருந்து அழுத்திவிட்டு ஒரு சிறுநீரகம் வீணாகிப் போயிற்றாம். அதனால் பதிவு செய்த வீட்டுக் கணினியிலிருந்து, பதிவு செய்த வீட்டு இணைப்பின் வழியாகத்தான் அழுத்த முடியும். அழுத்தாத நாளில் பெயர் அன்றைய வரிசையில் இருக்காது. தொடர்ந்து அழுத்தாவிட்டால் பின்னால் போய்விடும்.

அக்கா குளித்து, தலை சீவி, கணினி முன்னால் உட்கார்ந்து அழுத்துவாள். ஏதோ ஆளுக்கு எதிரில் நின்று சொல்வதுபோல வாய்விட்டும் சொல்வாள், "இருக்கேன்பா".

ஒருநாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை.

மற்றதெல்லாம் திறந்தது. செய்தி திறந்தது, சினிமா திறந்தது, பூனைக்குட்டிகள் படியில் உருண்டு விழும் படங்கள் தங்குதடையில்லாமல் திறந்தன. ஆஸ்பத்திரிப் பெயரை அடித்தால் மட்டும் வெள்ளைத் திரையும், அடைய முடியவில்லை என்ற ஒரு வரியும். பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கணினிப் பிரிவில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் பக்கத்தை வேறு இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெயர் அதேதான், அதற்குப் பின்னால் உள்ள எண் மாறிவிட்டது. நாம் அடிப்பது பெயர். அந்தப் பெயருக்கு எண் என்ன என்று சொல்ல இணைப்பு தருகிற ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஓர் இயந்திரம் இருக்கும். மற்ற நிறுவனங்களின் இயந்திரங்கள் புது எண்ணைச் சொல்கின்றன. எங்கள் நிறுவனத்தின் இயந்திரம், வீடு மாறிப் போனவரின் பழைய விலாசத்தையே சொல்லி, காலி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "உங்க கம்பெனில சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தைத் தேடித்தான் நாங்கள் கிளம்பினோம்.

இணைப்பு அக்கா பெயரில் இருந்தது. ஆகவே அக்காதான், அவள் குரலில்தான் புகார் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடப்பவளை எழுப்பி உட்கார வைத்து, போனைக் காதில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று அழுத்தி, மகிழ்ச்சியில் பலமுறை போய் முட்டிக்கொண்டு திரும்பி, எப்படியோ ஓர் உயிருள்ள மனிதரைப் பிடித்துவிட்டோம். பச்சை விளக்கு எரியும்போது வருகிற புகாருக்கு நிறுவனத்தில் 'உணரப்பட்ட குறை' என்று பெயராம். குறை கிடையாது, வாடிக்கையாளர் அப்படி உணர்கிறார். அதை அவர்கள் இளக்காரமாக நினைப்பதில்லை. தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர் மிகவும் கனிவானவர். இந்த உணர்வு எப்போதிலிருந்து இருக்கிறது, காலையில் அதிகமாக இருக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஏங்க, பூட்டின கதவு முன்னாடி நிக்கறேன். தொறக்கலன்னு சொன்னா அது உணர்வா?" என்றாள். கோபம் என்ற கட்டத்திலும் ஒரு குறி போட்டுக்கொள்வதாக அவர் சொன்னார்.

உணர்வை நேரில் பார்க்க ஆள் அனுப்பினார்கள். வந்த லைன்மேனுக்கு அன்றே கட்டைவிரல் என்று அக்கா பெயர் வைத்துவிட்டாள், காரணம் சொல்கிறேன். நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே விட்டான். கணினியில் உட்கார்ந்து நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தைத் திறந்தான். அது திறந்தது. அவர்களுடைய வீட்டுக்கு அவர்களுக்கு வழி தெரியாமலா போகும்? "ஓகே சார், லைன் சூப்பர்" என்றான். ஆஸ்பத்திரிப் பெயரை அடித்துக் காட்டினேன். அதைப் பார்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிறுவனத்தின் பக்கம் திறந்தால் லைன் சரி, திறக்காவிட்டால் தப்பு, நடுவில் வேறொன்றும் கிடையாது என்றுதான் அவனுக்குப் பயிற்சியாம்.

"அப்ப இத யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டேன்.

மேல்புகார் கொடுக்கலாம் என்றான். ஆனால் இந்தப் புகாரை முடித்தால்தான் மேல்புகார் திறக்கும். இந்தப் புகார் முடிய வேண்டுமானால் வாடிக்கையாளர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். சிரிப்பை மனிதர்கள் பார்ப்பதில்லை, ஒரு கணினி நிரல் பார்க்கிறது. போதுமான சிரிப்பாக இருந்தால்தான் அது புகாரை மூடும்.

அக்காவுக்கு முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும். அதனால் சின்ன வயதிலிருந்தே படம் என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அவள் கல்யாணப் படங்களிலேயே ஏதோ அபராதம் கட்ட வந்தவள் மாதிரிதான் இருப்பாள். அந்த உடம்போடு எழுந்து, கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டோடு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்தினாள். உதட்டை மட்டும் இழுத்தாள். நிரல் ஏற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஏற்கவில்லை. கட்டைவிரல் பாவம், "கொஞ்சம் பல்லு தெரியணும்க்கா" என்று கெஞ்சினான். அக்காவுக்கு நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகிற வீட்டில் வந்து சிரி சிரி என்கிறார்களே பாவிகள் என்று மனசுக்குள் சபித்தேன்.

என் பையில் கடையிலிருந்து எடுத்துவந்த குழந்தைக் கண்ணாடி ஒன்று இருந்தது, காது வளைவு சரி செய்ய. இளஞ்சிவப்பு நிறம், மூலையில் முயல் படம். அதை எடுத்து என் மூஞ்சியில் மாட்டிக்கொண்டு அவளுக்கு எதிரில் போய் நின்றேன். என் மூக்கு அதில் மாட்டிக்கொண்டது.

அக்கா சிரித்துவிட்டாள். ஏறிய பல் தெரிய, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் இறக்காமல் சிரித்தாள். நிரல் உடனே ஏற்றுக்கொண்டது. புகார் மகிழ்ச்சியாக மூடப்பட்டது.

மேல்புகாருக்கு நேரில் வரச் சொன்னார்கள். நிறுவனத்தின் வட்டார அலுவலகம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே வட்டார மகிழ்ச்சி அதிகாரி என்று ஒருவர். அவர் மேஜைக்குப் பின்னால் பெரிய திரையில் எங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு வீடும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. எங்கள் வீட்டையும் காட்டினார். நல்ல பச்சை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரிக்காரர் சொன்ன புது எண்ணைச் சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அவர் அக்கறையாகக் கேட்டார். தன் கணினியிலேயே ஆஸ்பத்திரிப் பெயரை அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. அப்பாடா, கண்ணால் பார்த்துவிட்டாரே, இனி தப்பிக்க முடியாது என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

அவரும் நிம்மதியாகச் சாய்ந்தார். "பாத்தீங்களா, எங்களுக்கே தொறக்கல. அப்போ உங்க வீட்ல எந்தக் கோளாறும் இல்ல. எங்களுக்கே கிடைக்காத ஒண்ணை உங்களுக்கு மட்டும் குடுத்தா மத்த வாடிக்கையாளர் என்ன நினைப்பாங்க? நாங்க பாரபட்சம் பாக்கறதில்ல சார்."

பழைய எண்ணை மாற்றினால் எல்லோருக்கும் திறக்குமே என்றேன். பெயர் இயந்திரத்தில் கைவைக்கும் அதிகாரம் தலைமையகத்துக்குத்தான் என்றார். தலைமையகம் கைவைக்க வேண்டுமானால் வட்டாரத்திலிருந்து ஒரு குறை போக வேண்டும். எங்கள் வட்டாரத்திலோ குறையே கிடையாது, எல்லாம் மூடப்பட்டுவிட்டது. தொடர்ந்து குறை இல்லாத வட்டாரம் என்ற பெயரை அவர் ரொம்பப் பாடுபட்டுக் காப்பாற்றி வருகிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் வரிசையைக் கவனிக்கும் நர்ஸம்மா ஒருநாள் கூப்பிட்டார். ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார். சொன்னேன். "நான் நம்பறேன்ங்க. ஆனா என் கையில இல்ல. காலையில கம்ப்யூட்டரே எண்ணிப் பாத்து பேர நகத்திடுது. எப்படியாவது அழுத்திடுங்க" என்றார். அவர் குரலில் இருந்த தவிப்பு எனக்குப் பயமாக இருந்தது. கனிவான ஆட்களுக்கு நான் அதற்குள் பழகியிருந்தேன், தவிக்கிற ஆளைக் கேட்டு நாளாயிற்று.

அன்று நானே களத்தில் இறங்கினேன். இணையத்தில் தேடினேன், ஆஸ்பத்திரியைத் தவிர மற்றதெல்லாம்தான் திறக்கிறதே. விஷயம் இவ்வளவுதான். பெயருக்கு எண் என்ன என்று கேட்க நிறுவனத்தின் இயந்திரத்திடமே போக வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. ஊருக்குப் பொதுவாகப் பதில் சொல்கிற வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. கணினியின் அமைப்புகளில் ஓர் இடத்தில் அப்படி ஒன்றின் எண்ணை எழுதிவிட்டால் போதும். லென்ஸ் தேய்க்கிற கையால் ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து எழுதினேன். ஆஸ்பத்திரிப் பெயரை அடித்தேன்.

"இன்று தயாராக இருக்கிறீர்களா?"

அக்காவைக் கூப்பிட்டேன். ஈரத்தலையோடு ஓடி வந்தாள், ஓடக்கூடாதவள். "இருக்கேன்பா, இருக்கேன்" என்று சொல்லி அழுத்தினாள். அதற்கப்புறம் சில நாட்கள் நாங்கள் நன்றாக இருந்தோம். நர்ஸம்மா பெயர் மேலே ஏறுகிறது என்றார். அக்கா எழுந்து எனக்கென்று ஒரு சின்ன கேக் செய்து, அதன்மேல் என் பெயருக்குப் பதில் அந்த எண்ணை க்ரீமால் எழுதினாள். புள்ளிகளைக்கூட விடவில்லை.

பிறகு ஒரு காலை பச்சை விளக்கே அணைந்துவிட்டது. ஒழுங்கு விசாரணை என்று என்னையும் அக்காவையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதே அதிகாரிதான். இந்தத் தடவை அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, மனம் புண்பட்டிருந்தது. நாங்கள் வெளியாரிடம் பெயர் விசாரித்திருக்கிறோம். அவர்கள் திரையில் அது சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. வட்டாரத்திலேயே ஒரே சிவப்பு.

"அவங்க சரியான எண்ணத்தான் சொன்னாங்க" என்றாள் அக்கா. அவளுக்கு உட்கார நாற்காலி கொடுத்திருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

"அதுதாம்மா பிரச்சினை. நாங்க தப்பா சொன்னா அதுக்கு நாங்க பொறுப்பு. வெளியாள் சரியா சொல்லிட்டா அதுக்கு யாரு பொறுப்பு?" என்றார் அதிகாரி. "இன்னிக்கு நீங்க கேப்பீங்க, நாளைக்குப் பக்கத்து வீடு கேப்பாங்க. எல்லாருக்கும் சரியான வழி தெரிஞ்சுபோச்சுன்னா எங்ககிட்ட எதுக்கு வருவாங்க? ஒரு நிறுவனம் நடத்தறதுன்னா சும்மா இல்லம்மா. நம்பிக்கைதான் எல்லாம்."

இனி வழி கேட்பதென்றால் நிறுவனத்தையே கேட்போம் என்று அக்கா தன் குரலில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியதால் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். கட்டைவிரல் வந்து பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். புதிய பெட்டி வெளியே போகிற பெயர் விசாரணை எதையும் மடக்கி நிறுவனத்தின் இயந்திரத்திடமே அனுப்பிவிடும். கணினியில் நான் என்ன எழுதினாலும் ஒன்றுதான். புதிய பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் பெரியது. அவன் என் முகத்தைப் பார்க்காமலேயே போனான்.

நான் வேறு வழியெல்லாம் பார்த்தேன். தலைநகரத்துக்கே வீடு மாறலாம் என்றால் இணைப்பைப் பதிவு மாற்றி எடுக்கும்வரை வரிசையில் பெயர் நிற்காது. அக்காவால் பயணம் தாங்க முடியுமா என்றும் தெரியவில்லை. "சும்மா கெட, தலைகீழா நிக்காத" என்றாள் அவள். தினமும் குளித்துத் தலை சீவி வந்து உட்காருவதை மட்டும் விடவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்து "இருக்கேன்பா" என்பாள். யாரிடம் சொல்கிறாள்? எனக்கு அந்த அறையிலேயே இருக்க முடியாது.

ஆனால் நாங்கள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று அதிகாரியே போன் செய்து சொன்னார். எங்கள் சிவப்புப் புள்ளி தலைமையகம்வரை போய், அங்கே பலர் உட்கார்ந்து யோசித்து, ஒரு திட்டமே பிறந்துவிட்டதாம். எங்கள் வீட்டிலேயே வைத்துத் தொடங்கப் போகிறார்களாம். அக்காவிடம் சொன்னேன். எண்ணை மாற்றிவிட்டார்களா என்றுதான் கேட்டாள். மாற்றாமலா வீடு தேடி வருவார்கள் என்றேன். அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

வந்தார்கள். அதிகாரி, ஒரு பூங்கொத்து, படம் எடுக்க ஓர் ஆள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டைவிரல். எங்கள் முன்னறையில் நிற்க இடமில்லை. அக்கா நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள், கால் வீங்கியிருந்தது. அதிகாரி அவளுக்கு நேராக நின்று, ஒரு பெரிய கூட்டத்துக்குப் பேசுவதுபோலப் பேசினார்.

"ஒரு வாடிக்கையாளர் ஒரு பேரை அடிக்கிறார், பக்கம் திறக்கல. வெள்ளையா வருது. அந்த வெறுமை இருக்கே, அது ஒருத்தர் மனச எவ்வளவு புண்படுத்தும்னு நாங்க ஆய்வு பண்ணோம். காரணம் என்னங்கறது முக்கியம் இல்ல. காரணத்தைத் தேடிப் போனா அதுக்கு முடிவே கிடையாது. புண்படாம இருக்கணும், அதுதான் முக்கியம். இன்னியிலேர்ந்து நம்ம வட்டாரத்துல திறக்காத பக்கம்னு ஒண்ணு கிடையாது. எந்தப் பேரை அடிச்சாலும் ஏதோ ஒண்ணு திறக்கும்."

அவரே ஆஸ்பத்திரிப் பெயரை அடித்தார்.

வெள்ளைத் திரை வரவில்லை. மெதுவாக ஒரு படம் வந்தது. முகப்பு முழுக்க அக்கா. பெட்டிக்குப் பக்கத்தில், கையில் கட்டோடு, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு, ஏறிய பல் தெரியச் சிரிக்கிறாள். படத்தின் ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரிந்தது, மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கீழே பச்சை எழுத்தில், "இணைப்பு நலம். மகிழ்ச்சி." வட்டாரத்தில் பதிவான சிரிப்புகளிலேயே இதற்குத்தான் நிரல் அதிக மதிப்பெண் கொடுத்ததாம். திறக்காத பக்கம் எதுவானாலும் இனி எல்லோருக்கும் அக்காதான் வருவாள்.

பிறகு அக்கா கேட்டாள், "ஆஸ்பத்திரி?"

"திறந்திருக்கேம்மா" என்றார் அதிகாரி. "வேற ஒண்ணு திறந்திருக்கு, அவ்வளவுதான்."

அக்கா திரையில் இருந்த தன்னை உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. இவளுக்கு என்ன கேடு" என்றாள். பூங்கொத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரி மனம் நெகிழ்ந்து கைதட்டினார். கட்டைவிரல் மட்டும் வாசலில் போய் நின்றுகொண்டான்.

நர்ஸம்மாவின் போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். அக்காவின் ரத்தத்துக்கும் மற்றதற்கும் அப்படியே பொருந்துகிற ஒரு சிறுநீரகம் வந்ததாம். அன்று காலை அழுத்தியவர்கள் பெயரை மட்டும்தான் ஆஸ்பத்திரிக் கணினி எடுத்துக் காட்டியதாம். அடுத்தவருக்குப் போய்விட்டது. "எனக்குத் தெரிஞ்சு நான் சும்மா இருக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் வைத்துவிட்டார். நான் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் இரண்டாகப் போயிற்று.

சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன், அவள் என் மூஞ்சியைப் படித்துவிட்டாள். சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"யாருக்கோ கெடச்சிருக்குல்ல. விடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "சின்ன வயசா இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அவளுக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. எனக்கு முடியவில்லை, இன்றுவரை முடியவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின்மேல் இடி விழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். புதிய திட்டத்தில் திருப்தியா என்று கேட்க. வாடிக்கையாளர் இருக்கிறார்களா என்றாள் அந்தப் பெண். இறந்துவிட்டார்கள் என்றேன். மிகவும் வருந்துவதாகச் சொன்னாள், உண்மையாகவே வருந்தினாள். பிறகு, அதை வாடிக்கையாளரே தன் குரலில் சொன்னால்தான் பதிவு செய்ய முடியும் என்றாள்.

ஒருநாள் கட்டைவிரல் வந்தான். சீருடை இல்லாமல், தனியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அக்கா நாற்காலியைப் பார்த்தான், பார்வையை எடுத்துக்கொண்டான். பக்கத்து வட்டாரத்து அதிகாரியின் மாமியார் அதே ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறாராம். திட்டம் அங்கேயும் போய்விட்டதால் அவருக்கும் அக்கா படம்தான் வந்திருக்கிறது. அன்றைக்கே தலைமையகத்தில் எண்ணை மாற்றிவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல சார்" என்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

உங்கள் பெட்டியில் மட்டும் பழைய எண்ணே தங்கியிருக்கிறது, பூட்டின பெட்டி, நான்தான் கையால் தட்டிவிட வேண்டும், நொடியில் முடிந்துவிடும், ஆஸ்பத்திரி திறந்துவிடும், படம்கூட எடுக்க வேண்டாம் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே பெட்டியின் பக்கம் குனிந்தான்.

"வேணாம்பா" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"அப்படியே இருக்கட்டும். தட்டிடாத."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை என்றேனே. "இல்லாத பேரு எத அடிச்சாலும் அக்கா படம் வரும் சார். இதான் வேணும்னு இல்ல" என்று மெதுவாகச் சொன்னான்.

"இல்லாத பேரச் சொல்லி எதுக்கு அவளக் கூப்பிடணும்?" என்றேன்.

படத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்துத்தான் வைத்திருக்கிறேன், சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறேன். அது படம். சும்மா தொங்கும். இது அப்படி இல்லை. பெயரை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு வருவாள்.

இணைப்பை அப்படியே வைத்திருக்க விரும்புவதாக நான் சொன்னதைக் கட்டைவிரல் மேலே தெரிவிக்க வேண்டியிருந்தது. சீர்செய்ய வந்த ஆளை வாடிக்கையாளரே தடுத்து, இருக்கும் சேவையே போதும் என்று சொன்னது நிறுவனத்தின் வரலாற்றில் இதுவே முதல் தடவையாம். அதிகாரி கையெழுத்திட்டு ஒரு பாராட்டு அனுப்பியிருந்தார், அக்கா பெயருக்கு.

காலையில் குளித்து, தலை சீவி, கடைக்குக் கிளம்பும் முன் கணினி முன்னால் உட்காருவேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரிப் பெயரை அடிப்பேன். அக்கா வருவாள். யாரும் கேட்காவிட்டாலும், "இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போவேன்.